அமெரிக்க நாயகன், ஆசிய நாயகி: பழைய ஹாலிவுட் காதல் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களில் அமெரிக்க ஆணும் சீன, ஜப்பானியப் பெண்ணும் காதலிக்கும் கதைகளுக்குத் தனி வரலாறு உண்டு. அந்தப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இவற்றைப் பேச முடியாது. படம் பார்த்த பிறகு படிக்க விரும்புகிறவர்கள், கடைசிக் கேள்விக்குப் போய்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் காலத்துப் படங்கள் இவை?

மௌனப் படக் காலத்தில் தொடங்கி 1960களின் ஆரம்பம் வரை. ஒரே சீராக வரவில்லை. 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் ஒரு அலை. அப்புறம் 1950களில் இன்னொரு பெரிய அலை. நடுவில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இந்த வகைக் காதல் திரையில் ஏறக்குறைய காணாமல் போனது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் கதை முதலில் எங்கிருந்து வந்தது?

'மேடம் பட்டர்ஃபிளை'யிலிருந்து. ஜான் லூதர் லாங் என்ற அமெரிக்கர் 1898ல் எழுதிய சிறுகதை அது. டேவிட் பெலாஸ்கோ 1900ல் அதை நாடகமாக்கினார், புச்சினி 1904ல் இசை நாடகமாக்கினார். நாகசாகிக்கு வரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒரு ஜப்பானியப் பெண்ணை மணந்துகொள்கிறான். அவனுக்கு அது துறைமுகத்தில் இருக்கும்வரைக்கான ஏற்பாடு, அவளுக்கு வாழ்க்கை. ஊர் திரும்பியவன் அமெரிக்க மனைவியோடு வந்து நிற்கிறான். இவள் பெற்ற பிள்ளையை அவர்கள் எடுத்துப்போக, நாடகத்திலும் இசை நாடகத்திலும் இவள் உயிரை விடுகிறாள்.

ஹாலிவுட் இந்தக் கதையை விடவே இல்லை. 1915ல் மேரி பிக்ஃபோர்டும் 1932ல் சில்வியா சிட்னியும் ஜப்பானியப் பெண்ணாக நடித்தார்கள். இரண்டு பேருமே வெள்ளைக்காரர்கள். 1932 படத்தின் அதிகாரி, அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த கேரி கிராண்ட்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 1922ல் வந்த 'த டோல் ஆஃப் த சீ'. இதே கதையைச் சீனக் கடற்கரைக்கு மாற்றியிருக்கிறார்கள். கரை ஒதுங்கிய அமெரிக்கனைக் காப்பாற்றும் லோட்டஸ் ஃபிளவர் என்ற பெண்ணாக நடித்தவர் அன்னா மே வாங். லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடை நடத்தியவரின் மகள். அப்போது அவருக்கு வயது 17. டெக்னிகலர் நிறுவனத்தின் இரண்டு வண்ண முறையில் எடுத்த படம் என்பதால் சிவப்பும் பச்சையுமாக ஒரு மயக்கும் நிறம் இருக்கும். அதைவிட மயக்குவது அந்தப் பெண்ணின் முகம். மற்றவர்கள் மௌனப் படத்துக்கே உரிய பெரிய கையசைவுகளோடு நடிக்கும்போது, அன்னா மே வாங் கண்ணை மட்டும் வைத்து நடிக்கிறார். மகனை அவன் தகப்பனின் புது மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இவர்கள்தான் உன் அம்மா" என்ற பொய்யைச் சொல்லி அனுப்பும் காட்சியை ஒருமுறை பாருங்கள்.

அந்தப் பெண் ஏன் எப்போதும் சாக வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதன்மையானதாக நினைக்கிறேன்.

அவள் உயிரோடு இருந்தால் கதை ஒரு முடிவெடுத்தாக வேண்டும். நாயகன் அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும், அல்லது கைவிட்ட பாவத்தைச் சுமக்க வேண்டும். கூட்டிப்போனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தத் திருமணமே செல்லாது. கைவிட்டால் அவன் நாயகன் இல்லை. அவளே கடலில் இறங்கிவிட்டால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. அவனுக்குக் கண்ணீர் மிஞ்சும், பிள்ளை மிஞ்சும், மரியாதை கெடாது. பார்வையாளர்களும் மனமுருகி அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம், எந்தச் சட்டத்தையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அவளது தியாகம் என்று படம் போற்றுவது, மற்ற எல்லோருக்கும் வசதியாக அமைந்த ஒன்று.

ஆகவே இந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் இரண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்கிறேன். ஆசியப் பெண்ணாக நடிப்பது யார்? கடைசிக் காட்சியில் அவள் உயிரோடு இருக்கிறாளா? இரண்டுக்கும் பதில் கிடைத்தால், அந்த ஆண்டில் அமெரிக்கா எங்கே நின்றது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஹேஸ் நெறிமுறை தடுத்தது கறுப்பர்–வெள்ளையர் உறவை மட்டும்தானே?

எழுத்தில் அப்படித்தான். ஹாலிவுட் நிறுவனங்கள் 1930ல் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட அந்தத் தணிக்கை நெறிமுறை, இனக்கலப்பைத் தடைசெய்யும் இடத்தில் வெள்ளையர்–கறுப்பர் உறவைத்தான் குறிப்பிடுகிறது. ஆனால் நடைமுறையில் அதன் நிழல் ஆசியர்கள் மேலும் விழுந்தது.

முதல் நான்கு ஆண்டு நெறிமுறை காகிதத்தில்தான் இருந்தது. அந்த இடைவெளியில் சில துணிச்சலான படங்கள் வந்தன. ஃபிராங்க் காப்ராவின் 'த பிட்டர் டீ ஆஃப் ஜெனரல் யென்' (1933) அவற்றில் ஒன்று. அமெரிக்கப் பெண்ணான பார்பரா ஸ்டான்விக்குக்கு ஒரு சீனத் தளபதி மேல் ஆசை வருகிறது. தளபதியாக நடித்தவர் நில்ஸ் ஆஸ்தர், சுவீடன்காரர். அப்படியிருந்தும் அவர் கடைசியில் விஷம் குடித்துச் சாகிறார். 1934ல் ஜோசப் பிரீன் பொறுப்புக்கு வந்து ஒவ்வொரு திரைக்கதையையும் படித்து அனுமதி தரும் முறையைக் கொண்டுவந்த பிறகு, அந்தச் சிறிய கதவும் மூடிவிட்டது. இனக்கலப்புத் தடையை நெறிமுறையிலிருந்து எடுத்தது 1956 டிசம்பரில்தான்.

நிஜ வாழ்க்கையிலும் இப்படிப்பட்ட திருமணங்களுக்குத் தடை இருந்ததா?

இருந்தது, அதுவும் ஹாலிவுட் இருக்கும் கலிஃபோர்னியாவிலேயே. வெள்ளையரும் 'மங்கோலிய' இனத்தவரும் மணந்துகொண்டால் செல்லாது என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. 1933ல் ஃபிலிப்பைன்ஸ்காரர்களைத் தடுப்பதற்காக 'மலாய்' இனத்தையும் சேர்த்தார்கள். பெரெஸ் வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை வீழ்த்திய ஆண்டு 1948. நாடு முழுக்க இத்தகைய தடைகள் ஒழிந்தது 1967ல், லவிங் வழக்கின் தீர்ப்போடு. அன்றைக்கும் 16 மாநிலங்களில் ஏதாவது ஒரு வடிவில் தடை மிச்சமிருந்தது.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ள ஜேம்ஸ் வாங் ஹோவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாலிவுட்டின் மிகச்சிறந்த ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். சீனாவில் பிறந்தவர், பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். அவரும் வெள்ளைக்கார எழுத்தாளரான சனோரா பாப்பும் 1937ல் பாரிஸில் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். கலிஃபோர்னியா அதை ஏற்கவில்லை. கணவன் மனைவி என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியாமல், ஒரே கட்டடத்தில் தனித்தனி வீட்டில் இருந்தார்கள். 1948 தீர்ப்புக்குப் பிறகுதான் சொந்த ஊரில் சட்டப்படி தம்பதி ஆக முடிந்தது. எத்தனையோ காதல் காட்சிகளுக்கு ஒளியமைத்த மனிதர் தன் மனைவியோடு ஒரே வீட்டில் வாழ முடியாமல் பத்து ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறார். சட்டம் என்று பொதுவாகச் சொல்லும்போது இது நம் மனதில் இறங்குவதில்லை.

அன்னா மே வாங் அவ்வளவு பெரிய நடிகை என்றால், ஏன் பெரிய நாயகி வேடங்கள் கிடைக்கவில்லை?

கதைப்படி நாயகன் வெள்ளையன் என்றால் அவனோடு அவர் சேர முடியாது. நாயகன் சீனன் என்றாலும், அந்தச் சீனனாக நடிப்பவர் வெள்ளையர் என்பதால் அங்கேயும் முடியாது. இரண்டு பக்கமும் வழி அடைபட்டிருந்தது. மிஞ்சியவை வில்லி, அடிமைப்பெண், தற்கொலை செய்துகொள்பவள்.

'த குட் எர்த்' (1937) இதற்குப் பெரிய உதாரணம். சீன விவசாயக் குடும்பத்தின் கதை. எம்ஜிஎம் நிறுவனம் நாயகனாக பால் முனியைப் போட்டது. அவர் மனைவி ஓ-லான் வேடம் அன்னா மே வாங்கின் கனவு. அது ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குப் போனது, அதற்காக அவர் ஆஸ்கரும் வாங்கினார். குடும்பத்தைக் கெடுக்கும் இரண்டாம் மனைவி வேடத்துக்குத்தான் வாங்கின் பெயர் பேசப்பட்டது. நல்லவர்களாகச் சீனர் அல்லாதவர்கள் நடிக்க, கெட்டவளாக மட்டும் சீனப்பெண்ணா என்று அவர் மறுத்துவிட்டார். 1936ல் சீனாவுக்குக் கிளம்பிப்போய்ப் பல மாதங்கள் இருந்தார்.

ஐரோப்பாவிலும் முயன்று பார்த்தார். 1929ல் பிரிட்டனில் எடுத்த 'பிக்காடில்லி'யில் அவர் வரும் காட்சிகளில் மற்றவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. அங்கேயும் கதையில் கொல்லப்படுகிறார். 1934ல் அங்கேயே எடுத்த 'ஜாவா ஹெட்'டில் வெள்ளையனின் சட்டப்படியான மனைவி. அதிலும் சாகிறார். அபூர்வமாக நிம்மதியான முடிவும் வாய்த்தது, உதாரணம் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' (1937). ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான சின்னப் படம். கொரிய வம்சாவளி நடிகர் ஃபிலிப் ஆனோடு துப்பறிந்து, கடைசியில் அவரையே மணக்க முடிவுசெய்கிறார். இரண்டு பேருமே ஆசியர்கள் என்பதால் யாருக்கும் ஆட்சேபம் எழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அமெரிக்கக் குடிமகளாக இருந்தும், வெளிநாடு போகும்போதெல்லாம் திரும்பி வர அனுமதி கேட்டுக் குடியேற்ற அதிகாரிகளிடம் மனு எழுதித்தர வேண்டியிருந்தது அவருக்கு. 1882ல் வந்த சீனர் விலக்குச் சட்டத்தின் விளைவு அது. அந்தச் சட்டம் 1943 வரை நீடித்தது. 2022ல் அமெரிக்க அரசு 25 சென்ட் நாணயத்தில் அவர் முகத்தைப் பதித்தது. அவர் காலமானது 1961ல்.

1950களில் திடீரென்று இத்தனை படங்கள் வந்தது எப்படி?

படைவீரர்களால். இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் ஜப்பானில் தங்கினார்கள். அப்புறம் கொரியப் போர். அங்கே அவர்கள் காதலித்தார்கள், திருமணமும் செய்துகொண்டார்கள். 1945ன் போர் மணமகள் சட்டம் ஐரோப்பிய மனைவிகளுக்கு வழிவிட்டது. ஜப்பானியர்களுக்குக் குடியேற்றச் சட்டம் குறுக்கே நின்றது. 1947லும் 1950லும் குறுகிய காலச் சலுகைகள் வந்தன, 1952 சட்டம்தான் நிரந்தரமாக வழி திறந்தது. பல்லாயிரம் ஜப்பானியப் பெண்கள் அமெரிக்கச் சிற்றூர்களுக்கு மருமகளாக வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டில் நடப்பதைத் திரையில் காட்டமாட்டோம் என்று ஹாலிவுட் எத்தனை நாள் சொல்ல முடியும்? கூடவே, பனிப்போரில் ஆசிய நாடுகளின் நட்பு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. நாங்கள் நிறவெறியர்கள் இல்லை என்று உலகத்துக்குக் காட்டிக்கொள்ள இந்தக் கதைகள் உதவின.

இந்த அலையின் ஆரம்பத்தில் வந்த கிங் விடாரின் 'ஜாப்பனீஸ் வார் பிரைட்' (1952) அதிகம் பேசப்படாத படம். கொரியாவில் காயம்பட்டவன் தனக்குச் சிகிச்சை செய்த ஜப்பானிய நர்ஸை மணந்து, கலிஃபோர்னியாவின் சலினாஸில் இருக்கும் தன் பண்ணை வீட்டுக்குக் கூட்டிவருகிறான். மாமியார் வீட்டுப் புழுக்கம், ஓரகத்தியின் பொறாமை, குழந்தை யாருடையது என்று சந்தேகம் கிளப்பும் மொட்டைக் கடிதம். நம் ஊர்க் குடும்பப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நாயகி ஷெர்லி யமகுச்சி நிஜமான ஜப்பானியர், மஞ்சூரியாவில் வளர்ந்தவர், பின்னாளில் ஜப்பான் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். கதையில் மலைமுகட்டின் ஓரம்வரை போகிறாள். ஆனால் சாகவில்லை. 30 ஆண்டுக்கு முந்தைய லோட்டஸ் ஃபிளவரை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமே இல்லை.

'சயோனாரா' ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

1957ல் ஜோஷுவா லோகன் இயக்கிய படம். ஜேம்ஸ் மிச்சனர் 1954ல் எழுதிய நாவலைத் தழுவியது. மார்லன் பிராண்டோ, கொரியப் போரில் பறந்த தென்மாநிலத்து விமானி மேஜர் க்ரூவர். தளபதியின் மகளை மணக்கப்போகிறவன், ஜப்பானியப் பெண்களை மணப்பவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவன். அவனே ஜப்பானின் பெண்கள் மட்டும் நடிக்கும் நாடகக் குழுவின் நட்சத்திரமான ஹனா-ஒகியைக் காதலிக்கிறான். அந்த வேடத்தில் நடித்த மீகோ டாகா, சியாட்டிலில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தவர்களில் அவரும் ஒருவர். இது தெரிந்து படத்தைப் பார்த்தால் சில வசனங்கள் வேறு மாதிரி ஒலிக்கும்.

நாவலில் இருவரும் பிரிகிறார்கள். படத்தில் சேர்கிறார்கள். முடிவை மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தியவர் பிராண்டோ. நடிகர்கள் கதையில் கைவைத்துக் கெடுத்த சம்பவங்கள் நிறைய உண்டு. இங்கே கைவைத்தது சரியான இடத்தில்.

ஆனால் படத்தின் உயிர் பிராண்டோவிடம் இல்லை, இரண்டாவது ஜோடியிடம் இருக்கிறது. சாதாரண வீரன் கெல்லி, அவன் மனைவி கட்சுமி. ரெட் பட்டன்ஸ், மியோஷி உமேகி. அந்தச் சின்ன ஜப்பானிய வீட்டில் கணவன் மனைவியாக அவர்கள் இருக்கும் காட்சிகளில் ஒரு நிஜமான சந்தோஷம் இருக்கிறது. கெல்லியை நாடு திரும்பச் சொல்லி உத்தரவு வருகிறது. கர்ப்பிணி மனைவியைக் கூட்டிப்போகச் சட்டம் விடவில்லை. இருவரும் சேர்ந்து உயிரை விடுகிறார்கள். சட்டம் மாறப்போகிறது என்ற சேதி அதற்குப் பிறகுதான் வருகிறது. பழைய பட்டர்ஃபிளை மரணம் இங்கேயும் இருக்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. இந்தத் தடவை வெள்ளைக்காரக் கணவனும் கூடவே சாகிறான். குற்றவாளி யார் என்பதையும் படம் மறைக்கவில்லை. ராணுவ உத்தரவையும் குடியேற்றச் சட்டத்தையும் நேராகக் காட்டுகிறது. 1922லிருந்து இங்கே வந்து சேர ஹாலிவுட்டுக்கு 35 ஆண்டு ஆகியிருக்கிறது.

உமேகி, பட்டன்ஸ் இருவருமே துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார்கள். நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கிழக்காசியப் பெண் உமேகி. அதே பிரிவில் அடுத்த ஆசியப் பெண் வாங்க, 2021ல் கொரியாவின் யுன் யோ-ஜங் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உமேகிக்கோ அந்த விருதுக்குப் பிறகும் பெரிய வேடங்கள் அதிகம் வரவில்லை. பின்னாளில் அமெரிக்கர்களுக்கு அவர் அதிகம் தெரிந்தது ஒரு தொலைக்காட்சித் தொடரின் வீட்டுப் பணிப்பெண்ணாக. படத்தில் ஒரு குறையும் உண்டு. கபுகி நடிகராக வருபவர் மெக்சிகோவின் ரிக்கார்டோ மொண்டல்பான். ஜப்பானியப் பெண்களை ஜப்பானியர்கள் நடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டவர்களுக்கு, ஜப்பானிய ஆணை ஜப்பானியர் நடிக்கலாம் என்று தோன்றவில்லை.

'லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்ட் திங்' உண்மைக் கதையா?

உண்மையிலிருந்து எழுந்த கதை. ஹான் சுயின் என்ற பெண் மருத்துவர், தந்தை சீனர், தாய் பெல்ஜியத்தவர். ஹாங்காங்கில் அவருக்கும் 'த டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் இயன் மோரிசனுக்கும் இருந்த காதலை 1952ல் நாவலாக எழுதினார். மோரிசன் 1950 ஆகஸ்டில் கொரியாவில் கண்ணிவெடியில் இறந்தார். அதே வண்டியில் இருந்து அவரோடு இறந்தவர்களில் ஒருவர், ஐ.நா. ஆணையத்தில் இந்தியப் பிரதிநிதியாகப் போயிருந்த கர்னல் உண்ணி நாயர். ஹான் சுயின் பிற்பாடு மணந்தது ஓர் இந்திய ராணுவப் பொறியாளரை, பெயர் வின்சென்ட் ரத்தினசாமி. ஹாலிவுட் இந்தப் பகுதிக்கெல்லாம் வரவே இல்லை.

1955ல் ஹென்றி கிங் இயக்கிய படத்தில் நிருபரை அமெரிக்கனாக்கி வில்லியம் ஹோல்டனைப் போட்டார்கள். ஹான் சுயின் வேடம் ஜெனிஃபர் ஜோன்ஸுக்கு. பாதிச் சீனர் என்பதால் வெள்ளைக்காரரே நடிக்கலாம் என்ற கணக்கு. இதை இன்றைக்குப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவர் கௌரவமாக நடித்திருந்தும். பாட்டு, பின்னணி இசை, உடையலங்காரம் மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

இந்தப் படத்திலும் 1960ல் வந்த 'த வேர்ல்ட் ஆஃப் சூஸி வாங்'கிலும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மூலக் கதையிலும் நாயகன் பிரிட்டன்காரன். இரண்டு படத்திலும் அவன் அமெரிக்கன், இரண்டிலும் ஹோல்டன்தான். ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் காலனி. ஆகவே ஆசியப் பெண்ணை ஏளனமாகப் பார்க்கும் சீமாட்டிகளும் வங்கி அதிகாரிகளும் பிரிட்டிஷ்காரர்கள். நிறவெறி முழுவதும் அவர்கள் கணக்கில் ஏறுகிறது, அமெரிக்கன் மட்டும் திறந்த மனசோடு காதலிக்கிறான். அப்போது அவன் சொந்த நாட்டில் எத்தனையோ மாநிலங்கள் அந்தத் திருமணத்தை அனுமதிக்கவில்லை என்பது படத்தில் வராது.

சூஸி வாங் கதாபாத்திரத்தை ஆசிய அமெரிக்கப் பெண்கள் பலர் வெறுப்பது ஏன்?

ஏனென்றால் அந்தப் பெயரே தெருவில் அவர்கள்மேல் எறியப்பட்டது. வான்சாய் மதுக்கடையில் மாலுமிகளிடம் பிழைக்கும் பெண் சூஸி. நல்ல மனசு, குழந்தைத்தனம், காதலன் காலடியே கதி. நாயகன் ராபர்ட் லோமாக்ஸ் ஓவியன். ஒரு காட்சியில் அவள் ஆசையாக மேல்நாட்டு உடை போட்டு வருகிறாள். அவன் ஆத்திரத்தில் அதைக் கழற்றி எறிகிறான். பிறகு பழங்காலச் சீன உடையில் அவளை நிறுத்தி ஓவியம் வரைகிறான். இன்னொரு காட்சியில் ஒரு மாலுமி அவளை அடித்துவிடுகிறான். லோமாக்ஸ்தான் தன்னை அடித்தான் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். இந்தக் காட்சிகளுக்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

அதே சமயம் நான்சி குவானை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. ஹாங்காங்கில் பிறந்தவர், தந்தை சீனர், தாய் வெள்ளையர். மேடை நாடகத்தில் சூஸியாக நடித்த பிரான்ஸ் நுயென்தான் படத்துக்கும் முதலில் ஒப்பந்தமானார். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஆள் மாற, 20 வயதே ஆன குவான் உள்ளே வந்தார். ஸ்டார் ஃபெர்ரி படகில் தன்னைப் பணக்கார வீட்டுப் பெண் என்று சொல்லி அவனை ஏமாற்றும் அந்த முதல் காட்சியில் என்ன ஒரு துடிப்பு! எழுதியவர்கள் தராத அறிவையும் கோபத்தையும் அவர் கண்ணில் கொண்டுவருகிறார். ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரத்துக்கு ஜோடியாக ஒரு சீன வம்சாவளிப் பெண் நடித்து, முத்தமிட்டு, கடைசியில் உயிரோடு அவனோடு போவது அன்று புதுசு. அவளுடைய குழந்தைதான் மழையில் சரிந்த மண்ணில் சாகிறது. யாராவது ஒருவரைப் பலிகொடுக்காமல் அந்தக் காலக் கதைக்குத் தெரியவில்லை.

'சவுத் பசிபிக்' இந்த வகையில் சேருமா?

சேரும். 1958 படம், இதையும் இயக்கியவர் லோகன். இன வெறுப்பு பிறவியில் வருவதில்லை, சின்ன வயதிலேயே கற்றுத்தரப்படுகிறது என்று சொல்லும் பாட்டு அதில் இருக்கிறது. மேடை நாடகமாகச் சுற்றியபோது ஜார்ஜியா மாநில அரசியல்வாதிகள் அந்தப் பாட்டை எதிர்த்தார்கள். ஆனால் அந்தப் பாட்டைப் பாடும் இளம் அதிகாரி கேபிள், தன் ஆசியக் காதலி லியாட்டை மணக்காமலே போரில் சாகிறான். பிரான்ஸ் நுயென் நடித்த லியாட்டுக்குப் பேச வசனமே இல்லை என்று சொல்லலாம்.

ஆசிய ஆண், வெள்ளைக்காரப் பெண் என்று மாற்றிப் போட்டால்?

மிக அரிது. 1910களில் ஜப்பானிய நடிகர் செசூ ஹயகாவா அமெரிக்கப் பெண்களின் கனவு நட்சத்திரமாக இருந்தார். பிறகு அந்த இடம் பல பத்தாண்டுகள் காலியாகவே கிடந்தது. ஹவாயில் பிறந்த ஜேம்ஸ் ஷிகெட்டா வந்துதான் மறுபடி உடைத்தார். சாமுவேல் ஃபுல்லரின் 'த கிரிம்சன் கிமோனோ' (1959) கட்டாயம் பார்க்க வேண்டிய படம். லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவில் இரண்டு போலீஸ் நண்பர்கள், ஒருவன் வெள்ளையன், ஒருவன் ஜப்பானிய அமெரிக்கன். ஒரே பெண்ணை இருவரும் விரும்புகிறார்கள். அவள் தேர்ந்தெடுப்பது ஷிகெட்டாவை. அந்தக் காதலுக்காக யாரும் சாகவில்லை, யாரும் தியாகம் செய்யவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 'பிரிட்ஜ் டு த சன்' படத்தில் ஷிகெட்டா ஜப்பானியத் தூதரக அதிகாரி, கேரல் பேக்கர் அவருடைய அமெரிக்க மனைவி. நிஜத் தம்பதியின் கதை அது.

இந்தியப் பெண்கள் யாருமே இல்லையா?

கதைகளில் அபூர்வம். 'பவானி ஜங்ஷன்' (1956) படத்தில் ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக ஆவா கார்ட்னர் நடித்தார், காதலர்களில் ஒருவர் பிரிட்டிஷ் கர்னல்.

நடிகைகளில் ஒருவர் இருந்தார், யாருக்கும் தெரியாமல். மெர்ல் ஓபரான் 1911ல் பம்பாயில் பிறந்தவர். தாய்வழி வேர் இலங்கையில். டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டார். 1935 படமான 'த டார்க் ஏஞ்சல்' நடிப்புக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார். பெரிய பெரிய வெள்ளைக்கார நாயகர்களோடு காதல் காட்சிகளில் நடித்தார். அவர் பிறப்பு ஊருக்குத் தெரிந்திருந்தால் அந்த ஜோடிகளில் ஒன்றுகூட அமைந்திருக்காது. அன்னா மே வாங்குக்குத் திரையில் மறுக்கப்பட்டதெல்லாம் ஓபரானுக்குக் கிடைத்தது, சொந்தத் தாயை மறைத்து வாழ்ந்த விலைக்கு. பொய் சொன்னார் என்று அவரைக் குறை சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அந்தப் பொய்யைத் தேவையாக்கியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனை குறை இருக்கும் படங்களை இன்று ரசிப்பது தவறில்லையா?

எனக்குத் தவறாகத் தெரியவில்லை. இவற்றை ஒதுக்கிவைத்தால் முதலில் காணாமல் போவது அந்த ஆசிய நடிகைகளின் உழைப்புதான். லூயிஸ் ரைனரின் ஆஸ்கர் வரலாற்றில் இருக்கும், அன்னா மே வாங்கின் முகம் போய்விடும். வெள்ளையர் கண்ணோரத்தில் ஒட்டுப் போட்டு நடித்த காட்சிகள் வரும்போது எனக்குக் கோபம் வரும், வரட்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்த்தால், 1948, 1952, 1967 என்ற ஆண்டுகளில் என்ன நடந்தது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். படம் அவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

'த டோல் ஆஃப் த சீ' முதலில். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, காப்புரிமைக் காலம் முடிந்த படம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கடைசிப் பகுதி தொலைந்துபோனதால், மீட்டெடுத்தவர்கள் பழைய இரண்டு வண்ணக் கேமராவைக் கொண்டே கடல் காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அடுத்து 'ஜாப்பனீஸ் வார் பிரைட்', அப்புறம் 'சயோனாரா'. இரண்டரை மணி நேரத்துக்கு நெருங்கும் படம், ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 'சூஸி வாங்', அதோடு சேர்த்தே 'த கிரிம்சன் கிமோனோ'. இரண்டுக்கும் இடையில் ஓர் ஆண்டுதான் வித்தியாசம். ஃபுல்லர் சின்னச் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்துமுடித்ததை, பெரிய செலவில் வண்ணத்தில் எடுத்த படம் ஏன் செய்யவில்லை என்று பார்க்கலாம்.